வாடிய செடிக்கு எது வேண்டும்?

பனி கொட்டும் நாடுகளிலே வீட்டுக்குள் வைத்து வளர்க்கப்படும் செடிகள் மாரியில் ஏன் மடிகின்றன என்று கேட்டால், குளிரினால் என்றுதான் நம்மிற் பலர் விடை சொல்வோம். கவனிப்பாரின்மையால் என்று சிலர் சொல்லக்கூடும். ஆனால், அந்நாடுகளிற் செடி வளர்த்துப் பழகியவர்களைக் கேட்டால் அவர்கள் முதலிற் சொல்லும் காரணம் வேறு. அளவுக்கு மிஞ்சிய தண்ணீர் என்பார்கள் அவர்கள். அக்கறையில்லாதவர் கையில் மடிவதைப் போலவே, அக்கறை மிகுந்தவர் கையிலும் செடிகள் மடிகின்றன என்பதே இதன் பொருள்.

செடிகளைப் பற்றிய இச்சிறு செய்தி மனிதரைப் பற்றிய ஒரு பெரிய வினாவை எழுப்புகின்றது. நாம் ஒருவர்மீது வைத்த அன்பே அவருக்குக் கேடாக முடியக்கூடுமா? முடியுமானால், பிழை அன்பு மிகுந்துபோனதிலா, அல்லது வேறெதிலுமா? பனிக்காலம் என்ற ஒன்றையே காணாத நமது நாட்டில் இருந்துகொண்டு இதைப் பற்றி ஏன் சிந்திக்கவேண்டும் என்று வாசகர்கள் நினைக்கலாம். இன்று நம்மவர் குடும்பங்களுள் ஒருவராவது அந்தக் குளிர்நாடுகளில் இல்லாத குடும்பம் அரிது. ஆகவே அந்தப் பனிக்காலம் நமக்கும் உரியதாகிவிட்டது.

ஒரு கறிவேப்பிலைச் சாடி

சில ஆண்டுகளுக்கு முன்னர், கனடாவில் ரொறன்ரோ மாநகரின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில், உறவினர் வீடொன்றில் ஒரு பனிக்காலம் முழுவதும் தங்கியிருக்க நேர்ந்தது. அங்கே நம்மவர் வீடுகள் பலவற்றில், சாடியொன்றில் கறிவேப்பிலை நிற்பதைக் காணலாம். கோடையில் அது பின்வளவில் வெயில் காயும். செப்டெம்பர் மாதத்தில் இரவுக் குளிர் 10 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கத் தொடங்கியதும் அதை வீட்டுக்குள்ளே தூக்கி வைப்பார்கள். உறைபனி இனி விழாது என்ற நம்பிக்கை வரும் மே மாதப் பிற்பகுதி வரையில், ஏறக்குறைய எட்டு மாதங்கள், அது யன்னலோரத்துச் சிறைவாசி.

நான் தங்கிய வீட்டில் அந்தச் சாடியைப் பார்த்து வந்தவர் வீட்டுக்காரியின் தாயார். கணவர் இறந்தபின் யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றிலிருந்து மகளிடம் வந்து சேர்ந்தவர். மாமி என்றே நான் அவரை அழைப்பேன். ஊரிலே அவருடைய கிணற்றடி வாய்க்காலோரத்தில் ஒரு கறிவேப்பிலை மரம் நின்றதாம். அதற்கென்று அவர் ஒருநாளும் தண்ணீர் வார்த்ததில்லை. குளிக்கிற தண்ணீரையும் சட்டி பானை கழுவுகிற தண்ணீரையும் குடித்து அது தன்பாட்டில் வளர்ந்தது. இங்கேயோ ஒரு சாண் அகலச் சாடிக்குள் நின்ற சிறு கன்றை அவர் குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்துவந்தார்.

நவம்பர் மாதத்தில் இலைகள் மஞ்சளாகி உதிரத் தொடங்கின. "பாவம், அதுக்குத் தண்ணி விடாய்ச்சுப் போச்சுது" என்று காலையில் ஒரு செம்பு தண்ணீர் வார்த்தார் மாமி. இன்னும் உதிர்ந்தது. மாலையிலும் ஒரு செம்பு வார்த்தார். கடையிலிருந்து பசளை வாங்குவித்து அதையும் கரைத்து ஊற்றினார். நத்தார் வரும்போது வெறுங்குச்சிதான் நின்றது. தை மாதத்தில் ஒருநாள் மகள் அந்தச் சாடியைக் கவிழ்த்துப் பார்த்தாள். வேர்கள் கறுத்து, தொட்ட இடமெல்லாம் தோல் உரிந்து, சேற்று நாற்றம் வீசின. மாமி அதைப் பார்த்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "நான் ஒருநாளும் மறக்கேல்லையே, தம்பி."

அவர் சொன்னது உண்மை. அவர் ஒருநாளும் மறக்கவில்லை. அதுதான் நடந்த துயரம்.

வேருக்கும் மூச்சு வேண்டும்

மாமி அறியாதிருந்தது என்ன? செடியின் வேர் தண்ணீரை மட்டும் குடிப்பதில்லை. அது மூச்சும் விடுகின்றது. மண்துகள்களுக்கிடையே உள்ள நுண்ணிய வெளிகளில் நிற்கும் காற்றே அதற்கு மூச்சுக்காற்று. தண்ணீர் வார்க்கும்போது அவ்வெளிகள் நிரம்புகின்றன. வெயிலும் வளர்ச்சியும் உள்ள காலத்தில் செடி அத்தண்ணீரை விரைவாக இழுத்துக்கொள்ள, காற்று மீண்டும் உட்புகுகின்றது. பனிக்காலத்திலோ செடி ஏறக்குறைய உறங்குகின்றது. ரொறன்ரோவில் டிசெம்பர் மாதத்துப் பகற்பொழுது ஒன்பது மணித்தியாலம் அளவே. நமது யாழ்ப்பாணத்தில் அதே நாளில் பதினொன்றரை மணித்தியாலம். அந்த ஒன்பது மணித்தியாலமும் தாழ்ந்து செல்லும் வெயிலும் முகிலுமாகக் கழிகின்றது. வெளிச்சம் குறைந்தால் இலை சமைக்கும் உணவு குறையும். உணவு குறைந்தால் வளர்ச்சி நிற்கும். வளர்ச்சி நின்றால் தண்ணீரின் தேவையும் சுருங்கும். வார்த்த தண்ணீர் குடிப்பாரின்றி மண்ணிலே நிற்கும். வேர் மூச்சு முட்டி அழுகும்.

இதிலே கவனிக்கவேண்டிய ஒரு கொடுமை உண்டு. அழுகிய வேர் தண்ணீரை உறிஞ்ச மாட்டாது. ஆகவே, தண்ணீருக்குள் நிற்கும் அச்செடி, தண்ணீரின்றி வாடும் செடியைப் போலவே தலை சாய்க்கின்றது. பார்ப்பவர் மனம் இளகுகின்றது. இன்னும் ஒரு செம்பு வார்க்கிறார். நோயின் அடையாளமும் தாகத்தின் அடையாளமும் ஒன்றாக இருப்பதால், இரக்கமே அச்செடியின் முடிவை விரைவுபடுத்திவிடுகின்றது.

வீட்டுக்குள் வந்ததும் இலை உதிர்வதுகூடப் பல வேளைகளில் நோயன்று. கிடைக்கும் சிறிதளவு வெளிச்சத்துக்குத் தக்கதாகச் செடி தன் குடும்பத்தைச் சுருக்கிக்கொள்கின்றது. கறிவேப்பிலை முற்றாகவே இலை கொட்டி நிற்கவுங்கூடும். நகத்தினாலே தண்டின் பட்டையைச் சற்றுச் சுரண்டிப் பார்த்தால், உள்ளே பச்சை தெரியுமாயின் அது உயிரோடிருக்கின்றது.

அப்படியானால் அதற்கு வேண்டியது என்ன? முதலாவதாக வெளிச்சம். தெற்கு நோக்கிய யன்னலே அந்நாடுகளில் நல்லது. இலை குளிர்ந்த கண்ணாடியிற் படாதபடி சற்று விலக்கி வைக்கவேண்டும். இரண்டாவதாக ஈரக்காற்று. வெளியே உள்ள கடுங்குளிர்க் காற்றில் நீராவி மிகக் குறைவு. அதை உள்ளே எடுத்துச் சூடாக்கும்போது ஈரப்பதன் நூற்றுக்கு 30க்கும் கீழே இறங்கிவிடும். அந்த உலர்ந்த சூட்டிலேதான் இலையின் அடியில் சிற்றுண்ணிகள் பெருகி நூல் கட்டுகின்றன. ஆகவே வெப்பமூட்டிக்கு அருகிற் சாடியை வைக்கலாகாது. கூழாங்கல் பரப்பிச் சிறிது நீர்விட்ட தட்டின் மேல் வைக்கலாம். இலையிற் படியும் தூசை ஈரத்துணியால் துடைத்துவிடலாம். பசளை இலைதுளிர் காலம் வரையில் வேண்டவே வேண்டாம். தண்ணீரோ, விரலை மண்ணில் ஓர் அங்குலம் புதைத்துப் பார்த்து, அங்கேயும் உலர்ந்திருந்தால் மாத்திரம்.

இப்பட்டியலைப் பாருங்கள். தண்ணீர் வார்ப்பது யாவற்றிலும் எளிது; ஒரு செம்பும் ஒரு கையும் போதும். வெளிச்சம் தேடிக் கொடுப்பதற்கோ வீட்டின் ஒழுங்கையே மாற்றவேண்டும். சாய்மனைக் கதிரையை நகர்த்தவேண்டும், திரைச்சீலையை விலக்கவேண்டும், யன்னலோரத்து நல்ல இடத்தை நாம் விட்டுக்கொடுக்கவேண்டும். மாமியின் சாடி நின்றது குசினியின் இருண்ட மூலையில். அங்கேதான் இடமிருந்தது.

ஆசானும் மாணாக்கரும்

பனிக்காலத்துச் செடிகளைப் பற்றி எண்ணும்போது திருச்சபையின் பெரியார் ஒருவரை நினையாதிருத்தல் இயலாது. ஜேர்மனியில் கொலோன் நகரத்துச் சாமிநாதர் சபை மடத்திலே வாழ்ந்து, 1280 ஆம் ஆண்டு நவம்பர் 15 ஆம் நாள் இறையடி சேர்ந்தவர் பெரிய ஆல்பேர்ட். தாவரங்களைத் தம் கண்ணாலே நுணுகி ஆராய்ந்து அவற்றைப் பற்றிப் பெருநூல் எழுதியவர். 1931 இல் புனிதராகவும் மறைவல்லுநராகவும் உயர்த்தப்பட்ட அவரை, 1941 இல் பன்னிரண்டாம் பத்திநாதர் இயற்கை அறிவியலாளரின் பாதுகாவலராக அறிவித்தார். 1249 ஆம் ஆண்டு மூவிராசாக்கள் திருநாளன்று, ஒல்லாந்து தேசத்து வில்லியம் மன்னனை அவர் மடத்துத் தோட்டத்தில் விருந்துக்கு அமர்த்தியபோது, வெளியெங்கும் பனி மூடியிருக்க அங்கே மரங்கள் பூத்து நின்றன என்று ஒரு பழங்கதை உண்டு. கதை எப்படியாயினும், செடியின் இயல்பை அவ்வளவாக அறிந்திருந்த ஒருவரைப் பற்றி மக்கள் அப்படிக் கதை கட்டியதில் வியப்பில்லை.

அந்நாட்களில் அவரிடம் அங்கே பாடங்கேட்டுக்கொண்டிருந்த மாணாக்கர்தான் அக்குவினோ நகர்ப் புனித தோமஸ். ஆசான் செடியை ஆராய்ந்தார்; மாணாக்கர் அன்பை ஆராய்ந்தார். ஒருவரை நேசித்தல் என்பது அவருக்கு நன்மையை விரும்புதலாம் என்று, முன்னோர் அரிஸ்ரோட்டிலைப் பின்பற்றித் தோமஸ் விளக்குகிறார். இதிலே அவர் ஒரு பாகுபாடு செய்கிறார். ஒன்றை நமக்காக விரும்புவது ஒருவகை அன்பு. ஒருவருக்காக நன்மையை விரும்புவது இன்னொரு வகை அன்பு. பின்னையதே நட்பு என்ற பெயருக்கு உரியது.

அவ்வாறாயின் செடியை நேசித்தல் தகுமா? பகுத்தறிவில்லாத படைப்புகளோடு நட்புக்கொள்ள இயலாது என்பதே தோமசின் தீர்ப்பு. எனினும், இறைவனின் மகிமைக்காகவும் மனிதரின் பயனுக்காகவும் அவை நிலைபெற வேண்டுமென நாம் விரும்பலாம். அவ்வகையில் அவையும் இறையன்புக்குள் அடங்கும் என்கிறார். மாமி அந்தக் கன்றை நேசித்ததும் அவ்வாறுதான். கனடாவிற் பிறந்த பேரப்பிள்ளைகளின் சொதியில் தன் கையாற் கிள்ளிய இலை மிதக்கவேண்டும் என்பதே அவர் ஆசை. அதில் குறை காண யாராலும் முடியாது.

ஆனால் தோமசின் விளக்கத்திலே ஒரு கண்டிப்பு மறைந்திருக்கின்றது. நன்மையை விரும்பவேண்டுமாயின் எது நன்மை என்று அறியவேண்டும். அறியாமல் விரும்புவது நல்லெண்ணமாகலாம். அது இன்னும் முழுமையான அன்பாகவில்லை. ஆகவே நாம் தொடக்கத்திற் கேட்ட வினாவுக்கு விடை இங்கே கிடைக்கின்றது. மாமியின் பிழை அன்பு மிகுந்ததில் அன்று. அவருடைய அன்பு செடியின் நிலையைப் பார்ப்பதற்கு முன்னரே செம்பைத் தூக்கிவிட்டது. செடியின் வாட்டத்தைப் பார்த்துப் பொறுக்கமாட்டாத தன் மனத்தையே அவர் ஒவ்வொரு செம்பினாலும் ஆற்றிக்கொண்டார்.

கையில் இருப்பதும், தேவையாயிருப்பதும்

இதை நான் மாமியின்மீது குற்றமாக எழுதவில்லை. அதே வீட்டில் அதே பனிக்காலத்தில் இன்னொருவரும் அவ்வாறே செய்துகொண்டிருந்தார்.

மகள் தாய்க்கு ஒரு குறையும் வைக்கவில்லை. தனி அறை, தடித்த கம்பளி, நாள்தோறும் எண்ணி வைத்த மாத்திரைகள், ஊர்ப் படங்கள் ஓடும் தொலைக்காட்சி எல்லாம் இருந்தன. "அம்மா, நீங்கள் ஒண்டும் செய்யவேண்டாம், சும்மா இருங்கோ" என்று நாளுக்குப் பத்துமுறை சொல்வாள். காலை இருளில் வேலைக்குப் போய் மாலை இருளில் வருவாள். தாயின் முகம் வாடியிருப்பதைக் கண்டால் இன்னும் ஒரு கம்பளி வாங்கி வருவாள். தாய் சாப்பாட்டைக் குறைத்தால் புது மருந்து. பேச்சைக் குறைத்தால் இன்னும் பெரிய தொலைக்காட்சி. அவள் கொடுத்தவை யாவும் நல்லவை; யாவும் அன்போடு கொடுக்கப்பட்டவை; யாவும் அவள் கையில் இருந்தவை.

இது கனடாவில் மட்டும் நடப்பதன்று. நமது ஊர்களிலே பெரிய கல்வீடுகளில் தனியே இருக்கும் பெற்றோருக்கு மாதந்தவறாமற் பணம் வருகின்றது. அந்தப் பணத்தை அனுப்ப அங்கே பிள்ளைகள் இரண்டு வேலை செய்கிறார்கள் என்பதை நாம் மறக்கலாகாது. ஆயினும் பணம் செம்புத் தண்ணீர் போன்றது. அதைக் கொடுக்க வழியிருப்பதனால் அதையே கொடுத்துக்கொண்டிருக்கிறோம். பரீட்சையில் தளர்ந்த பிள்ளைக்கு இன்னொரு ரியூசன் வகுப்பு. துக்கவீட்டாருக்கு இடைவிடாத அறிவுரை. நம்பிக்கையிற் தளர்ந்த இளைஞனுக்கு நீண்ட பிரசங்கம். வேர் ஏற்கெனவே நனைந்திருக்கின்றதா என்று மண்ணில் விரல் வைத்துப் பார்க்க நமக்குப் பொறுமையில்லை.

அந்த விரல்தான் இங்கே முக்கியம். எரிக்கோ நகருக்கு அண்மையில், வழியோரத்திற் குருடனாக இருந்த பர்த்திமேயு ஆண்டவரைக் கூவி அழைத்தான். அவனுக்கு என்ன வேண்டும் என்பது நின்ற யாவருக்கும் தெரிந்ததே. ஆயினும் எல்லாம் அறிந்த ஆண்டவர் அவனை அருகில் அழைத்து, அவனுக்குத் தாம் என்ன செய்யவேண்டுமென்று அவனிடமே கேட்டார் என மாற்கு நற்செய்தி கூறுகின்றது. குணமாக்குமுன் கேட்டார். நாமோ கேட்குமுன் கொடுத்துவிடுகிறோம்.

அடக்கிக் கொடுத்தல் வேறு, கைவிடுதல் வேறு

இங்கே ஒரு தடை எழுகின்றது. தண்ணீரைக் குறைக்கவேண்டும் என்று போதித்தால், சோம்பேறிகளுக்கும் கல்நெஞ்சருக்கும் அது நல்ல சாட்டாகிவிடாதா? பெற்றோரைத் திரும்பிப் பாராத பிள்ளை, அவர்களுக்கு இடைஞ்சல் கொடாமல் விட்டிருக்கிறேன் என்று சொல்லிக்கொள்ள மாட்டானா?

சொல்லக்கூடும். ஆனால் வேறுபாட்டைக் காண்பது கடினமன்று. சாடியை மறந்துவிட்டவனும் தண்ணீர் வார்ப்பதில்லை. நல்ல தோட்டக்காரனும் வார்ப்பதில்லை. மறந்தவன் சாடிக்கு அருகில் வருவதேயில்லை. தோட்டக்காரனோ நாள்தோறும் வருகிறான், மண்ணைத் தொடுகிறான், இலையைத் திருப்பி அடிப்புறம் பார்க்கிறான், ஒரு பக்கமே வெளிச்சம் படாதபடி சாடியைச் சற்றுத் திருப்புகிறான், பின்பு செம்பைத் தூக்காமலே போகிறான். தண்ணீர் வார்ப்பதற்கு வேண்டியதைவிட அதிக நேரமும் அதிக மனவுறுதியும் அதற்கு வேண்டும். தொடக்க நூலிலே ஆண்டவர் மனிதனைத் தோட்டத்தில் வைத்தது அதைப் பண்படுத்தவும் காக்கவும் ஆகும். காத்தல் என்ற சொல்லுக்குள் பேணுதலும் கண்காணித்தலும் அடங்கும் என்பதைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015 இல் வெளியிட்ட சுற்றுமடலில் எடுத்துரைத்தார். பனிக்காலத்திலே பண்படுத்தல் ஓய்ந்துவிடுகின்றது. காத்தல் ஓய்வதில்லை.

எல்லாச் செடிக்கும் ஒரே விதியும் இல்லை. நத்தார்க் காலத்தில் அந்நாடுகளின் கோயிற் பீடங்களிலும் வீடுகளிலும் செந்நிறமாய் விளங்கும் பொயின்செற்றியா, மெக்சிக்கோ நாட்டிலிருந்து வந்தது. அதன் மேலிலைகள் சிவக்கவேண்டுமானால் இரண்டு மாதமளவுக்கு நாள்தோறும் பதினான்கு மணித்தியாலம் இடையறாத இருள் வேண்டும். இரவில் அருகே ஒரு விளக்கு எரிந்தாலும் அது பச்சையாகவே நின்றுவிடக்கூடும். ஒரே வீட்டில் கறிவேப்பிலைக்கு வெளிச்சம் தேடவேண்டியிருக்கின்றது; இதற்கு இருளைக் காத்துக்கொடுக்க வேண்டியிருக்கின்றது. துன்பத்திலிருப்போரும் அப்படியே. ஒருவருக்கு ஆள்துணை வேண்டும். இன்னொருவருக்குத் தனிமை வேண்டும். இதைச் சூத்திரமாகப் படித்துவிட முடியாது. ஒவ்வொருவரையும் பார்த்தே அறியவேண்டும்.

பலன் தராத காலம்

மாமியின் கன்று செத்ததன் பின் மகள் ஒரு தமிழ்க் கடையில் இன்னொரு கன்று வாங்கினாள். கடைக்காரர் வயதானவர். "அக்கா, பங்குனி மட்டும் செம்பைக் கையில எடுக்காதேங்கோ. யன்னலடியில வைச்சுப்போட்டுப் பாத்துக்கொண்டு இருங்கோ" என்று மாமியிடம் சொன்னார். சாய்மனைக் கதிரை இடம் மாறியது. சாடி தெற்கு யன்னலடிக்கு வந்தது. அந்தக் கன்றும் இலையைக் கொட்டியது. மாமி காலையிற் செபமாலை சொல்லி முடித்ததும் விரலை மண்ணில் வைத்துப் பார்ப்பார்; சும்மா திரும்புவார். அது அவருக்கு எவ்வளவு கடினமாயிருந்தது என்பதை நான் கண்டேன்.

அந்நாட்களில் ஓர் இரவு, என்ன நினைத்தாளோ, மகள் தாயின் அருகில் இருந்து கேட்டாள்: "அம்மா, உங்களுக்கு உண்மையா என்ன வேணும்?" ஊருக்குப் போகவேண்டுமென்று சொல்வார் என அவள் பயந்திருக்கலாம். மாமி சொன்னது வேறு. "பஸ்ஸில தனியக் கோயிலுக்குப் போகப் பழக்கிவிடு பிள்ளை. வழுக்கி விழமாட்டன்." கதிரையை நகர்த்துவதைவிடக் கடினமான காரியம் அது. வெளியே பூச்சியத்துக்குக் கீழே குளிர். வீதியோரம் கண்ணாடிபோல உறைந்த தண்ணீர். மகள் இரண்டு நாள் உறங்கவில்லை. மூன்றாம் நாள் நல்ல சப்பாத்து ஒரு சோடி வாங்கிக்கொண்டு, விடுமுறை எடுத்து, தாயோடு பஸ் ஏறினாள். அடுத்த கிழமை மாமி தனியே போய்ப் பூசை கண்டுவந்தார். திரும்பி வந்தபோது, வழியிற் கண்ட ஒரு மனிசியைப் பற்றி அரைமணித்தியாலம் பேசினார்.

லூக்கா நற்செய்தியில் வரும் அத்திமர உவமை நாம் யாவரும் அறிந்தது. மூன்று ஆண்டுகளாகக் கனி தராத மரத்தை வெட்டிவிடச் சொல்கிறான் தோட்டத்துச் சொந்தக்காரன். தோட்டக்காரனோ இன்னும் ஓர் ஆண்டு தவணை கேட்கிறான்; சுற்றிலும் கொத்தி எருவிடுவேன் என்கிறான். கனி நிச்சயம் என்று அவன் வாக்குக் கொடுக்கவில்லை. கனியாவிட்டால் வெட்டிவிடலாம் என்றும் ஒப்புக்கொள்கிறான். பலனை உறுதியாக அறியாமலே ஓர் ஆண்டு உழைப்பைக் கொடுக்க முன்வருகிறான். பலன் தந்துகொண்டிருக்கும் மரத்தைப் பேணுவதற்கு நற்குணம் எதுவும் வேண்டியதில்லை. வியாபாரப் புத்தியே போதும். இலையற்று நிற்கும் குச்சியினருகே நாள்தோறும் வந்து நிற்பதற்கே அன்பு வேண்டும்.

நமது வீடுகளிலும் இலை கொட்டி நிற்போர் உண்டு. வேலை செய்ய இயலாத முதியவர், நினைவு தவறிய தாய், பேச்சை நிறுத்திவிட்ட பிள்ளை, கோயில் வாசலை மிதியாத சகோதரன். அவர்களைக் கண்டு நமது கை பதறுகின்றது. எதையாவது ஊற்றிவிடத் துடிக்கின்றது. இந்தத் திருவருகைக் காலத்தில், ஊற்றுமுன் அருகே சென்று இருப்போம். எது வேண்டும் என்று கேட்போம். கிடைக்கும் விடை, நமது கதிரையை நகர்த்தச் சொல்லும் விடையாக இருப்பினும் அதற்கு இணங்குவோம். பட்டைக்குள்ளே பச்சை இருக்கின்றது என்ற நம்பிக்கையை நமக்குத் தரும்படி ஆண்டவரை மன்றாடுவோம்.

நான் ஊருக்குத் திரும்பியபின், சித்திரை மாதத்தில் மாமி தொலைபேசியில் அழைத்தார். கன்று ஓரிடத்தில் துளிர்த்திருக்கின்றதாம், அரிசி மணியளவு. வெளியே வைக்க இன்னும் ஒரு மாதம் செல்லும், அதிலும் முதற் பத்து நாள் நிழலிலே வைத்துப் பழக்கவேண்டும், எடுத்த எடுப்பில் வெயில் பட்டால் இலை கருகிவிடும் என்று எனக்கே பாடம் சொன்னார். தண்ணீர் வார்த்தீர்களா மாமி என்று கேட்டேன்.

"இண்டைக்குத்தான் தம்பி. மண் காய்ஞ்சிருந்தது. அரைச் செம்பு."